அடுப்பைத் தெரிவு செய்யுமுன் விறகைப் பாருங்கள்

இடம்பெயர்ந்து வரும் குடும்பம் புதிய இடத்தில் முதலில் மூட்டுவது மூன்று கல் அடுப்பைத்தான். கல் எங்கும் கிடைக்கும். காசு வேண்டியதில்லை. பானை பெரிதானாலும் சிறிதானாலும் தாங்கும். ஆனால் சில நாட்களுக்கென்று வைத்த அந்தக் கற்கள் பல வீடுகளில் ஆண்டுக்கணக்காக இருந்துவிடுகின்றன. “சொந்தக் காணிக்குப் போனபின் நல்ல அடுப்புக் கட்டலாம்” என்று நாம் காத்திருக்கிறோம். அதுவரை கூடுதல் விறகு எரிகிறது. தாயும் பிள்ளைகளும் புகையைச் சுவாசிக்கிறார்கள்.

வீட்டுப் புகையைச் சிறு தொல்லையாக எண்ணிவிடக் கூடாது. 2020ஆம் ஆண்டில் உலகில் ஏறத்தாழ 32 இலட்சம் மரணங்களுக்கு வீட்டுக்குள் ஏற்படும் காற்று மாசு காரணமாயிற்று என உலக சுகாதார நிறுவனம் கணித்துள்ளது. இளம் பிள்ளைகளின் நிமோனியாவும் பெரியவர்களின் நெஞ்சு நோயும் இதில் அடங்கும்.

எனவே இருக்கும் இடத்திலேயே ஏற்ற அடுப்பொன்றைத் தெரிவு செய்வோம். இதற்கு மூன்று கேள்விகளைக் கேட்டுப் பாருங்கள்.

1. கைக்கு எட்டும் எரிபொருள் எது?

இதுவே முதற் கேள்வி. நன்கொடையாகக் கிடைத்த அடுப்பு பல வீடுகளில் மூலையில் கிடப்பதற்குக் காரணம், அதற்குரிய எரிபொருள் அவ்விடத்தில் இல்லாமையே. 2022இல் எரிவாயுவும் மண்ணெண்ணெயும் தட்டுப்பட்டபோது பட்டண வீடுகளும் விறகைத் தேடியதை மறந்திருக்க மாட்டீர்கள்.

விறகு, கங்குமட்டை, பொச்சுமட்டை, ஊமல் கிடைக்கும் இடத்தில் இரண்டு பானை வைக்கும் களிமண் அடுப்பு ஏற்றது. இலங்கையில் 1980களில் உருவாக்கப்பட்ட ‘அனகி’ அடுப்பு இவ்வகையைச் சேர்ந்தது. நெருப்பு முன் பானையின் கீழ் எரியும். மிஞ்சும் சூடு வெளியே ஓடிவிடாமல் உள்வழியாகப் பின் பானைக்குச் செல்லும். முன்னே சோறு, பின்னே கறி. மூன்று கல் அடுப்புடன் ஒப்பிட்டால் விறகில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கை இதில் மிச்சப்படுத்தலாம்.

அரிசி ஆலையோ மரக்காலையோ அருகில் இருந்தால் உமியும் மரத்தூளும் கிடைக்கும். குளிர்நாடுகளில் மரத்தூளைப் பெரும் அழுத்தத்தில் இறுக்கிச் சிறு துண்டுகளாக்கி, அவற்றை எரித்து வீடுகளைச் சூடாக்குகிறார்கள். அந்த அடுப்புகள் பெரும்பாலும் மின்சாரத்தில் இயங்குவன. நமக்கு அவை வேண்டாம். ஆனால் தளர்ந்த தூளை இறுக்கினால் அது நின்று எரியும் என்ற பாடம் நமக்கும் உதவும்.

பெரிய தகரம் ஒன்றின் அடிப்பக்கத்தில் துவாரம் இடுங்கள். நடுவில் போத்தல் ஒன்றை நிறுத்தி, துவாரத்தின் வழியே அதைத் தொடும்படி ஒரு தடியைச் செருகுங்கள். காய்ந்த மரத்தூளைச் சிறிது சிறிதாகப் போட்டு நன்றாக இடியுங்கள். பின்னர் தடியை இழுத்து, போத்தலை மெதுவாகத் திருகி எடுங்கள். இப்போது காற்று போக வழி உண்டு. கீழ்த் துவாரத்தில் நெருப்பு வையுங்கள். மேலே மூன்று சிறு கற்களை வைத்துப் பானையை ஏற்றுங்கள். சில மணி நேரம் எரியும். எரியும்போது தகரத்தை அசைத்தால் நடுவழி இடிந்துவிடும். உமி மட்டும் எளிதில் சரியும். மரத்தூளுடன் கலந்து இடித்தால் நிற்கும். உமியின் எடையில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு சாம்பலாக மிஞ்சுவதால் ஒவ்வொரு முறையும் அதை அகற்ற வேண்டும்.

2. இந்த இடத்தில் எவ்வளவு காலம்?

மீண்டும் இடம் மாற வேண்டி வரலாம் என்றால் களிமண் அடுப்பைக் கட்டாமல் தனியாகவே பயன்படுத்துங்கள். மூட்டையுடன் கொண்டுபோகலாம். தகர அடுப்பும் அப்படியே. ஓராண்டாவது இருப்போம் என்று தெரிந்தால் அடுப்பைச் சுற்றிப் புற்றுமண், வைக்கோல், சாணி குழைத்து அணையுங்கள். சூடு உள்ளே நிற்கும். அடுப்பு இலகுவில் உடையாது. பிள்ளையின் கை பட்டாலும் சுடுவது குறைவு.

3. எங்கே வைப்பது?

கிடுகுக் கூரையின் கீழ் உறங்கும் இடத்திலேயே சமைப்பது ஆபத்து. பக்கத்தில் சிறு பத்தி இறக்குங்கள். அடுப்புக்கு நேர் மேலே பழைய தகரம் ஒன்றைப் போடுங்கள். கூரைக்கும் சுவருக்கும் இடையில் புகை போக வெளி விடுங்கள். சோளகத்திலும் வாடையிலும் காற்றின் திசை மாறும். அடுப்பின் வாய் காற்றுக்கு நேரே இருக்கக் கூடாது. மரத்தூள் அடுப்பு தணலாகக் கனியும்போது கண்ணுக்குத் தெரியாத நச்சு வாயு வெளியேறும். அடைத்த அறையில் இரவில் அதை வைத்திருப்பது உயிருக்கு ஆபத்து.

எந்த அடுப்பானாலும் விறகு காய்ந்திருக்க வேண்டும். பச்சை மரத்தின் எடையில் பாதி வரை தண்ணீராக இருக்கலாம். அந்தத் தண்ணீரை வற்றச் செய்யவே நெருப்பின் சூட்டில் ஒரு பங்கு போய்விடும்; புகையும் கூடும். விறகைப் பிளந்து, நிலத்தில் படாமல் அடுக்கி, மாரி தொடங்குமுன் காயவிடுங்கள். விறகு தேடிப் போகும்போது மிதிவெடி எச்சரிக்கைப் பலகை உள்ள பகுதிக்குள் கால் வைக்காதீர்கள். வடக்கில் வெடி அகற்றும் வேலை இன்னும் முற்றாக முடியவில்லை. விறகின் தேவை குறைந்தால் அந்தப் பயணமும் குறையும்.

நாம் சொல்வதை அப்படியே நம்ப வேண்டியதில்லை. ஒரு நாள் மூன்று கல்லிலும் மறுநாள் புதிய அடுப்பிலும் அதே அளவு அரிசியை வேகவையுங்கள். இரு நாளும் விறகைச் சமைக்குமுன்னும் பின்னும் தராசில் நிறுங்கள். அயல் வீட்டாரையும் கூப்பிட்டுக் காட்டுங்கள். விறகு மிஞ்சினால், அந்த அடுப்பு உங்களுக்கு ஏற்றது. மிஞ்சாவிட்டால் முதற் கேள்விக்குத் திரும்புங்கள்.

சொந்தக் காணிக்குத் திரும்பும் நாள் நம் கையில் இல்லாதிருக்கலாம். நாளைய சமையல் எந்த அடுப்பில் என்பது நம் கையில்தான் இருக்கிறது.