மஞ்சள் வெல்லம் கேட்காதீங்க

சேலம் செவ்வாய்ப்பேட்டையில் வெல்லம் விற்கிறேன். கடைக்கு வருகிறவர்கள் இனிப்பை நாக்கால் பார்ப்பதில்லை, கண்ணால்தான் பார்க்கிறார்கள். "ஏனுங்க, இது கருத்துக் கெடக்குதே, போன வருசத்துச் சரக்குங்களா? அந்த மஞ்சளா இருக்கறதுல ரெண்டு கிலோ போடுங்க." பொங்கல் நெருங்கிவிட்டால் நாள் முழுக்க இதே பேச்சுத்தான்.

சரக்கு ஓமலூர், காமலாபுரம் பக்கத்து ஆலைக்கொட்டகைகளிலிருந்து வரும். காவிரிக் கரையில் ஜேடர்பாளையம், கபிலர்மலை, பரமத்திவேலூர் வட்டாரத்திலிருந்தும் வரும். ஜேடர்பாளையத்தில் பிரியும் ராஜவாய்க்கால் பாயும் இடமெல்லாம் கரும்பு, வாழை, வெற்றிலைதான். அந்தப் பக்கத்து வெல்லம் பிலிக்கல்பாளையம் ஏலத்துக்குப் போகும். அங்கே கணக்கு 30 கிலோ சிப்பம்.

கொப்பரையில் கொதிக்கும்போது கரும்புச்சாறு பச்சையும் சாம்பலும் கலந்த நிறத்தில்தான் இருக்கும். காய்ந்த சக்கையே அடுப்புக்கு எரிபொருள். சாற்றில் லேசாகப் புளிப்பு உண்டு. அதை அடக்கச் சுண்ணாம்புத் தெளிவு விடுவார்கள். நுரையோடு அழுக்கு மேலே திரண்டு வரும், அதை வாரி வாரிக் கொட்ட வேண்டும். வெண்டைத் தண்டை நசுக்கி அதன் கொழகொழப்பைச் சாற்றில் விட்டு அழுக்கெடுப்பது பழைய முறை. பாகைத் தண்ணீரில் ஒரு சொட்டு விட்டு விரலால் உருட்டினால் உருண்டு நிற்க வேண்டும், அதுதான் பதம். சாறு இவ்வளவு நேரம் வெந்தால் பழுப்பேறத்தான் செய்யும். அந்தப் பழுப்போடுதான் வெல்லத்தின் மணமும் வருகிறது.

அப்புறம் மஞ்சள் எப்படி வருகிறது? சாயப்பட்டறைக்காரர்களுக்கு நன்றாகத் தெரிந்த ஹைட்ரோஸ் பவுடர்தான் காரணம். கொப்பரையில் தூவினால் பாகு கண்ணெதிரே வெளுக்கும். அந்த வெளுப்பும் நிலைக்காது, சில வாரத்தில் வெல்லம் மறுபடி கருக்க ஆரம்பிக்கும். அந்தப் பவுடரிலிருந்து வெல்லத்தில் தங்கும் கந்தகம் ஆஸ்துமாக்காரர்கள் சிலருக்கு மூச்சிழுப்பைக் கிளப்பிவிடும்.

இன்னொரு கலப்படம் அஸ்கா. எங்கள் பக்கத்தில் சர்க்கரை என்றால் நாட்டுச்சர்க்கரை, வெள்ளைச் சர்க்கரைக்குப் பெயர் அஸ்கா. 100 கிலோ கரும்பை ஆட்டிக் காய்ச்சினால் வெல்லம் சுமார் 10 கிலோ தேறும். அஸ்காவைக் கொட்டினால் கொட்டிய எடை அப்படியே வெல்லக் கணக்கில் சேர்ந்துவிடும். அஸ்கா விலை வெல்ல விலைக்குக் கீழே இறங்கும் வருடத்தில் ஆசை யாரை விடும்? உணவுப் பாதுகாப்புத் துறையினர் கொட்டகைகளில் சோதனை போட்டு மூட்டை மூட்டையாக அஸ்காவைப் பிடிப்பது இங்கே புதுச் செய்தியே அல்ல. கொட்டகைக்காரரை மட்டும் குறை சொல்லவும் எனக்கு மனசு வரவில்லை. பழுப்புச் சரக்கைக் கொண்டுவந்தால் ஏலத்தில் அடிமாட்டு விலைக்குக் கேட்கிறவர்கள் எங்களைப் போன்ற வியாபாரிகள்தான். மஞ்சளாக இருந்தால்தான் எங்களிடம் விலைபோகிறது.

நல்ல வெல்லத்தை உடைத்துத் துளி வாயில் போட்டுப் பாருங்கள். முதலில் கரும்பு காய்ந்த மணம். அடுத்து இனிப்பு மெதுவாக ஏறும். கடைசியில் நாக்கின் ஓரத்தில் ஒரு பொட்டு உப்பு. உப்புத் தண்ணீர்க் கிணற்றில் விளைந்த கரும்பென்றால் கொஞ்சம் தூக்கலாகவே கரிக்கும். அஸ்கா கலந்தது சட்டென்று இனித்துச் சட்டென்று போய்விடும், மணமே இருக்காது. உடைத்த இடத்தில் பொடிப்பொடியாக மின்னும்.

மழைக்காலத்தில் வெல்லம் கசிந்தால் சண்டைக்கு வருகிறார்கள். காய்ச்சும்போது சர்க்கரையில் ஒரு பங்கு குளுக்கோஸாகவும் பிரக்டோஸாகவும் பிரிந்துவிடுகிறது. பிரக்டோஸ் அஸ்காவைவிடத் தித்திப்பு, காற்றின் ஈரத்தையும் இழுக்கும். அதனால்தான் அசல் சரக்கு இளகுகிறது. காற்றுப் புகாத டப்பாவில் போட்டு வைத்தால் தொல்லை இல்லை.

சர்க்கரை நோய்க்கு வெல்லம் ஆகும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். வெல்லத்தில் பெரும்பங்கு சர்க்கரையேதான். இதைச் சொல்வதால் எனக்கு வியாபாரம் குறைகிறது, குறையட்டும்.

வருகிற பொங்கலுக்குக் கடையில் பழுப்பு வெல்லமாகக் கேளுங்கள். இல்லை என்றால் அடுத்த கடைக்குப் போங்கள். பத்துப் பேர் அப்படித் திரும்பிப் போனால், பதினோராவது ஆளுக்கு நாங்களே வரவழைத்து வைத்திருப்போம்.