கடற்படையில் சிக்னல் கற்பித்த நாட்கள்

நம் சங்கக் கூட்டங்களில் சந்திக்கும் அன்பர்கள், "சார், நீங்கள் ரயில்வேக்காரர் ஆயிற்றே, கடற்படையில் என்ன வேலை பார்த்தீர்கள்?" என்று கேட்பதுண்டு. இளம் வயதில் கடற்படையில் சேர்ந்து, பதினைந்து ஆண்டு முடித்து, பிறகு டிப்ளமாவுடன் ரயில்வேக்கு வந்தவன் நான். கடற்படையின் கடைசி ஆண்டுகளில் கொச்சி ஐ.என்.எஸ். வெண்டுருத்தி தளத்தின் சிக்னல் பள்ளியில் பயிற்றுநராக இருந்தேன்.

மோர்ஸ் என்றால் புள்ளியும் கோடும் என்று படித்திருப்பீர்கள். நாங்கள் அப்படிச் சொல்லிக்கொடுப்பதில்லை. காதுக்குத்தான் பாடம். 'ஏ' என்றால் 'டி-டா'. 'என்' என்றால் 'டா-டிட்'. பயிற்சிக்குப் பொருளே இல்லாத ஐந்தைந்து எழுத்துக்களாக அனுப்புவோம். பொருளுள்ள சொல்லாக இருந்தால் பாதி கேட்டதுமே மீதியை மனம் தானாக நிரப்பிக்கொள்ளும். கெட்டிக்காரப் பையன்களிடம்தான் இந்த வியாதி அதிகம்!

வாய்மொழியாகச் செய்தி அனுப்பும்போது நம் தமிழ்ப் பையன்களுக்கு ஒரு தனிக் கஷ்டம். ஆங்கிலத்தின் இரண்டாவது எழுத்தையும் பதினாறாவது எழுத்தையும் நாம் 'பி' என்றே எழுதுகிறோம்; பலர் அப்படியே கேட்கவும் செய்வார்கள். இதற்குத்தான் 1956 முதல் உலகெங்கும் வழங்கும் ஆல்ஃபா, பிராவோ, சார்லி வரிசை. ஒன்று பிராவோ, மற்றது பாப்பா, குழப்பம் தீர்ந்தது. எண்களில் 'நைன்' என்பதை 'நைனர்' என்போம், 'ஃபைவ்' என்று காதில் விழாதிருக்க.

ஆனால் அனுப்புவது பாதி வேலைதான். எதிரி கேட்காதிருக்க வானொலியை அடக்கிவிட்டு, கப்பலுக்குக் கப்பல் விளக்கொளியில் பேசும் வழக்கம் உண்டு. அப்போது ஒவ்வொரு சொல் முடிந்ததும் எதிர்க்கப்பலில் ஒரு நீண்ட ஒளி மின்ன வேண்டும். மின்னாவிட்டால் அதே சொல்லை மறுபடி அனுப்ப வேண்டும். கொடிகளில் இன்னும் நயமான ஏற்பாடு. எதிர்க்கப்பலின் கொடிகளைப் பார்த்ததும் நம் பதில் கொடியைப் பாதி உயரத்துக்கு ஏற்றுவோம். புரிந்த பிறகே உச்சிக்குப் போகும். பார்த்தது வேறு, புரிந்தது வேறு! சினிமாவில் வருகிற 'ரோஜர்' கூட 'கிடைத்தது' என்பதற்கு மேல் எதுவும் இல்லை. 'செய்கிறேன்' என்பதற்கு 'வில்கோ' என்று வேறு சொல் இருக்கிறது. இதைப் பல கதாசிரியர்கள் கவனிப்பதில்லை.

1999 பிப்ரவரியோடு வணிகக் கப்பல்களில் மோர்ஸ் கட்டாயம் நின்றுபோனது. செயற்கைக்கோள் வந்துவிட்டது.

ரயில்வேக்கு வந்தபோது இதே தத்துவம் வேறு உருவில் எனக்காகக் காத்திருந்தது. அதன் பெயர் 'பிரைவேட் நம்பர்'. இன்டர்லாக் இல்லாத லெவல் கிராசிங்கில் கேட்மேன் "மூடிவிட்டேன்" என்று போனில் சொன்னால் போதாது. தாறுமாறான வரிசையில் எண்கள் அச்சிட்ட தாள் ஒன்று அவரிடம் இருக்கும். கேட்டைப் பூட்டிய பிறகு அடுத்த எண்ணைச் சொல்லி அடித்துவிட வேண்டும். ஸ்டேஷன் மாஸ்டர் அதைக் குறித்துக்கொள்வார். "சரி, சரி" என்பது தூக்கக் கலக்கத்திலும் வரும். அந்த எண்ணைத் தாளைப் பார்க்காமல் சொல்ல முடியாது. பல உயிர்கள் அந்த இரண்டு இலக்கங்களை நம்பி கேட்டைக் கடந்திருக்கின்றன.

மைசூரில் வாழும் நமக்கு இன்னொரு சிக்கல் உண்டு. கன்னடத்தில் 9 'ஒம்பத்து', 90 'தொம்பத்து'. போனில் முதல் எழுத்து விழுங்கப்பட்டால் இரண்டும் ஒன்றே. மருந்தின் அளவு, ரத்தச் சர்க்கரை, டோக்கன் எண் எதுவானாலும், நம் வீட்டுப் பெரியவர்கள் தாங்கள் கேட்டதை இலக்கம் இலக்கமாகத் திருப்பிச் சொல்லட்டும்: "ஒம்பத்து, சொன்னே." என் மனைவி இப்படிச் சொல்லும்போதெல்லாம் மருந்துக்கடைப் பையன் சிரிப்பான். சிரித்துக்கொண்டே இரண்டு முறை பில்லைத் திருத்தியும் இருக்கிறான்.