கோடை இரண்டு மாதமும் ஒரு கடிதமும்

எண்பதுகளில் பட்டம் வாங்கியவர்களுக்கு வேலை என்பது காகிதத்தில் வந்து காகிதத்திலேயே போய்க்கொண்டிருந்தது. 1976-இல் தொடங்கிய 'எம்ப்ளாய்மென்ட் நியூஸ்' வார இதழ் மாவட்ட மைய நூலகத்துக்கு ஒரே ஒரு பிரதி வரும். அதைப் பார்க்க வரிசை நிற்கும். யாராவது ஒருவர் தமக்கு வேண்டிய விளம்பரத்தைக் கிழித்துக்கொண்டு போயிருந்தால், அந்தப் பக்கத்தின் பின்புறம் இருந்த அறிவிப்பும் அந்த ஊருக்கு வராமல் போயிற்று என்று பொருள். பாபா அணு ஆராய்ச்சி மையத்தின் பயிற்சிப் பள்ளி 1957-இலிருந்தே ஆண்டுதோறும் அறிவியல், பொறியியல் பட்டதாரிகளை எடுத்துவந்தது. அப்படி ஒன்று இருக்கிறது என்பதையே தெரிந்துகொள்ளாமல் படிப்பை முடித்த இயற்பியல் மாணவர்கள் தென் மாவட்டங்களில் ஏராளம்.

விண்ணப்பம் அனுப்புவதே ஒரு வாரத்து வேலை. மதிப்பெண் பட்டியல், மாற்றுச் சான்றிதழ், சாதிச் சான்றிதழ் எல்லாவற்றுக்கும் நகல் வேண்டும். ஜெராக்ஸ் கடை இல்லாத ஊரில் டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டில் உட்கார்ந்து 'ட்ரூ காப்பி' என்று தலைப்பிட்டு அடித்து வாங்க வேண்டும். அதன்மேல் கெஜடட் அதிகாரி பச்சை மையில் கையெழுத்துப் போட வேண்டும். தாசில்தார் கேம்ப் போயிருப்பார். அரசு மருத்துவமனை டாக்டர் வெளிநோயாளிகள் கூட்டம் கலைந்த பிறகு வரச் சொல்வார். கடைசியில் மேல்நிலைப் பள்ளித் தலைமையாசிரியர்தான் முத்திரையை எடுத்துக் குத்திக் கொடுப்பார். பிறகு ஸ்டேட் பாங்கில் டிடி எடுத்து, தன் முகவரி எழுதித் தபால்தலை ஒட்டிய உறை ஒன்றை உள்ளே வைத்து, ரிஜிஸ்டர் தபாலில் சேர்த்துவிட்டு, ஒப்புகை அட்டை திரும்பி வரும் வரை தபால்காரரையே பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். பொறியியல் பட்டதாரி என்றால் சாந்தோமில் இருந்த தொழில் மற்றும் செயல் வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிவதற்கு ரயிலேறிச் சென்னைக்கு வருவதும் உண்டு.

இன்று இன்டர்ன்ஷிப் என்று சொல்வதற்கு அன்று இருந்த பெயர் 'இன்பிளான்ட் டிரெயினிங்'. நெய்வேலியிலோ, திருச்சி பெல்லிலோ, பெரம்பூர் ஐ.சி.எப்.பிலோ தாய்மாமன் வேலை பார்த்தால் அது கிடைக்கும். பதினைந்து நாள் ஷாப் ஃப்ளோரில் ஒரு ஓரமாக நின்று பார்த்துவிட்டு, ஒரு சான்றிதழோடு திரும்பலாம். மாமன் இல்லாதவர்களுக்குச் சட்டம் ஒரு கதவைத் திறந்து வைத்திருந்தது. 1961-இன் தொழிற்பழகுநர் சட்டத்துக்குள் 1973 திருத்தத்தால் பொறியியல் பட்டதாரிகளும் டிப்ளமோ படித்தவர்களும் வந்தார்கள். தரமணியில் உள்ள தொழிற்பயிற்சி வாரியம் அவர்களை நிறுவனங்களுக்கு அனுப்பியது. ஓராண்டு பயிற்சி, உதவித்தொகையில் ஒரு பகுதியை மத்திய அரசே கொடுத்தது. தொகை சிறிதானாலும் மாதாமாதம் கைக்கு வந்தது. தமிழ்நாட்டுத் தொழிற்சாலைகளில் பின்னாளில் மேலாளர்களாக உட்கார்ந்த பலர் அந்த வழியில் வந்தவர்கள். பி.எஸ்ஸி. படித்தவர்களுக்கு அந்தக் கதவு 2014 திருத்தத்தில்தான் திறந்தது. நாற்பது ஆண்டு தாமதம். அறிவியல் பட்டதாரியைத் தொழிலுக்கு உரியவராக நினைக்காத ஒரு பழக்கம் அதற்குப் பின்னால் இருந்தது. இன்றும் அது முழுதாகப் போகவில்லை.

ஆராய்ச்சியின் நிலை இன்னும் விசித்திரம். அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்ததால் காரைக்குடிக்கு மத்திய மின்வேதியியல் ஆய்வகம் வந்தது. 1953 ஜனவரியில் திறந்தார்கள். மின்கலம், அரிமானம், மின்முலாம் எல்லாவற்றிலும் நாட்டுக்கே வழிகாட்டிய இடம். சுற்றுவட்டாரக் கல்லூரிகளில் வேதியியல் படித்தவர்களில் பலர் அதன் மதில்சுவரைப் பேருந்து ஜன்னல் வழியாகப் பார்த்ததோடு சரி. உள்ளே நடப்பதற்கும் தங்கள் பாடப்புத்தகத்தில் உள்ள மின்வேதியியல் அத்தியாயத்துக்கும் உறவு உண்டு என்று யாரும் சொல்லிக் கொடுத்ததில்லை.

1984-க்குப் பிறகு சுயநிதிப் பொறியியல் கல்லூரிகள் வரத் தொடங்கின. அதுவரை ஒரு டஜனைச் சுற்றி இருந்த எண்ணிக்கை பின்னாளில் ஐநூறைத் தாண்டியது. 2000-இல் தரமணியில் டைடல் பார்க் எழுந்தது. வீட்டில் முதன்முதலாகக் கல்லூரிப் படியை மிதித்தவர்கள் ஆயிரக்கணக்கில் மாதச் சம்பளக்காரர்கள் ஆனார்கள். வாடகை வீட்டில் இருந்த பெற்றோருக்குச் சொந்த வீடு வந்தது. அந்த மாற்றத்தைக் குறைத்துப் பேச எனக்கு மனம் வராது. ஆனால் அந்த ஆண்டுகளில் படிப்புக்குள் ஓர் ஓட்டையும் விழுந்தது. மெக்கானிக்கலோ சிவிலோ, எந்தப் பிரிவில் படித்தாலும் ஆப்டிட்யூட் தேர்வில் தேறினால் வேலை என்று ஆனபோது, நான்காம் ஆண்டு ப்ராஜெக்ட்டுக்கு இருந்த மதிப்பு போயிற்று. அந்த இடத்தில் ப்ராஜெக்ட் சென்டர்கள் முளைத்தன. ஸ்பைரல் பைண்டிங் போட்ட தலைப்புப் பட்டியல் ஒன்றை மேசையில் வைப்பார்கள். தலைப்பைத் தொட்டுக் காட்டினால் கோடு, டாக்குமென்டேஷன், வைவாவில் கேட்கக்கூடிய கேள்விகளுக்குப் பதில் தாள் எல்லாம் ஒரே கட்டாக வரும். மூன்று பேர் பணத்தைப் பங்கு போட்டுக் கட்டுவார்கள். ஒரு சர்க்யூட் வேலை செய்யாமல் போவதும், ஏன் என்று இரவெல்லாம் தேடுவதும், கடைசியில் சரியாகச் சூடேறாத ஒரு சால்டரிங்கில் கோளாறைக் கண்டுபிடிப்பதும்தான் பொறியியல் படிப்பின் உயிர். அந்த அனுபவமே இல்லாமல் ஒரு தலைமுறையில் பெரும்பகுதி பட்டம் வாங்கியது. பெற்றோர் கடன் வாங்கிக் கட்டிய கட்டணத்துக்கு அவர்களுக்குக் கிடைத்திருக்க வேண்டியது அது.

இப்போது நிலைமை தலைகீழ். அறிவிப்புக்குப் பஞ்சமில்லை. வாட்ஸாப்பிலும் டெலிகிராமிலும் ஒரு நாளைக்குப் பத்து 'அப்ளை லிங்க்' வருகிறது. சுயசான்றொப்பமே போதும் என்றாகி ஆண்டுகள் பல ஆயின. பாடமும் அப்படியே: 2003-இல் ஐ.ஐ.டி.களும் இந்திய அறிவியல் கழகமும் சேர்ந்து தொடங்கிய என்.பி.டி.இ.எல். வழியாக, பரமக்குடியில் இருக்கும் மாணவர் சென்னை ஐ.ஐ.டி. பேராசிரியரின் வகுப்பைச் செல்பேசியிலேயே கேட்கலாம். 2022 மார்ச்சில் தொடங்கிய 'நான் முதல்வன்' திட்டம் திறன் பயிற்சியைக் கல்லூரிப் பாடத்திட்டத்துக்குள்ளேயே கொண்டுவந்தது. அதே ஆண்டு புதுமைப்பெண் திட்டம், 2024-இல் தமிழ்ப் புதல்வன் திட்டம் என்று அரசுப் பள்ளியிலிருந்து வந்தவர்களுக்கு மாதம் 1,000 ரூபாய் கைக்கு வருகிறது.

வாய்ப்புகளும் மெய்யானவை. சென்னை ஐ.ஐ.டி.யில் 2017-இல் பிறந்த அக்னிகுல் நிறுவனம், முப்பரிமாண அச்சில் ஒரே துண்டாக உருவாக்கிய எஞ்சினோடு 2024 மே 30 அன்று ஸ்ரீஹரிகோட்டாவில் தன் சொந்த ஏவுதளத்திலிருந்து சோதனை ராக்கெட்டைப் பறக்கவிட்டது. ராக்கெட் வேலை என்றால் இஸ்ரோ ஒன்றுதான் என்றிருந்த காலத்தில் படித்தவர்களுக்கு இது கற்பனைக்கும் எட்டாதது. ஆராய்ச்சிக்குப் போனால் பட்டினி என்ற பழைய பேச்சும் பாதி பழசாகிவிட்டது. நெட் தேர்வில் ஜே.ஆர்.எஃப். வாங்கியவருக்கு 2019-இல் மாதம் 31,000 ரூபாயாக இருந்த உதவித்தொகை 2023 ஜனவரியிலிருந்து 37,000. அது தானாக உயரவில்லை. நாடு முழுவதும் ஆய்வு மாணவர்கள் தெருவில் இறங்கிக் கேட்ட பிறகு உயர்ந்தது. தொகை உயர்ந்தும், பல மாதம் வராமல் தேங்கி மொத்தமாக வரும் வழக்கம் போகவில்லை. ஊருக்குப் பணம் அனுப்ப வேண்டிய பிள்ளைக்கு அந்த மாதங்கள் கொடுமை.

இவ்வளவு திறந்திருந்தும் என் வகுப்பில் உட்காரும் பிள்ளைகளில் பெரும்பாலோர் இன்னும் வெளியேதான் நிற்கிறார்கள். காரணம் இடம் மாறிவிட்டது. அன்று சேதி வரவில்லை. இன்று சேதி வருகிறது. கோடை இரண்டு மாதத்தைக் கொடுக்க முடிவதில்லை.

ஏ.ஐ.சி.டி.இ.யின் 2018 மாதிரிப் பாடத்திட்டம் இன்டர்ன்ஷிப்பைப் பொறியியல் படிப்பின் பகுதியாகவே ஆக்கியது. நல்ல எண்ணம்தான். ஆனால் இத்தனை லட்சம் பேரை ஏற்றுக்கொள்ள நிறுவனங்கள் எங்கே? கட்டாயம் வந்த உடனே சந்தையும் வந்தது. சில ஆயிரம் ரூபாய் கட்டினால் ஆன்லைனில் நாலு வீடியோ, ஒரு வினாத்தாள், கடைசியில் பொன்னிற ஓரம் போட்ட சான்றிதழ். பழைய ப்ராஜெக்ட் சென்டரின் மறு அவதாரம் அது. வேலை கற்றுக்கொள்ளப் போகிறவர் பணம் கட்ட வேண்டும் என்று யார் சொன்னாலும் அது இன்டர்ன்ஷிப் இல்லை என்று பிள்ளைகளிடம் பெற்றோர் திட்டவட்டமாகச் சொல்லிவிட வேண்டும். அரசு ஆய்வகங்கள் சில ப்ராஜெக்ட் மாணவர்களிடம் கட்டணம் வாங்குவதிலும் எனக்கு உடன்பாடு இல்லை. அங்கே கற்பதற்கு மெய்யாகவே விஷயம் இருக்கிறது என்பது வேறு.

எங்கள் துறையில் படித்த ஒரு மாணவியைச் சொல்கிறேன். அப்பா அச்சகக் கூலி. கோடை விடுமுறையில் ஜவுளிக்கடையில் நின்று அவள் சம்பாதிப்பதுதான் அடுத்த ஆண்டுப் பேருந்துச் செலவும் புத்தகச் செலவும். சென்னையில் ஓர் ஆய்வகத்தில் எட்டு வாரம் வேலை செய்ய இடம் கிடைத்தது, உதவித்தொகை இல்லாமல். பி.ஜி. விடுதி வாடகை, சாப்பாடு, பயணம் என்று கூட்டினால் அவள் வீட்டின் மூன்று மாத வருமானம். கடையில் வராமல் போகும் கூலி அதற்கு மேல். அவள் போகவில்லை. இன்று பல நிறுவனங்கள் இன்டர்னாக வந்தவர்களிலிருந்தே ஆள் எடுக்கின்றன. ஆய்வுக்கூடங்களும் 'முன் அனுபவம் உண்டா' என்றுதான் முதலில் கேட்கின்றன. அப்படியானால் சம்பளமில்லாத அந்த எட்டு வாரம் ஒரு நுழைவுத் தேர்வு. அதை வசதியுள்ளவர்களால் மட்டுமே எழுத முடிகிறது.

வழி இல்லாமல் இல்லை. பெங்களூரு, டெல்லி, பிரயாக்ராஜ் ஆகிய இடங்களில் உள்ள மூன்று அறிவியல் அகாதமிகள் சேர்ந்து நடத்தும் கோடைகால ஆய்வு உதவித்தொகை இரண்டு மாதச் செலவுக்கும் பணம் தருகிறது, ரயில் கட்டணமும் தருகிறது. மாணவர்களுக்கு மட்டுமின்றி ஆசிரியர்களுக்கும் உண்டு. மத்திய அரசின் இன்ஸ்பயர் திட்டம் பிளஸ் டூவில் தம் போர்டின் முதல் ஒரு விழுக்காட்டுக்குள் வந்து அடிப்படை அறிவியல் எடுத்தவர்களுக்கு ஆண்டுக்கு 80,000 ரூபாய் தருகிறது. அதில் 20,000 கோடை ஆய்வுக்கென்றே ஒதுக்கியது. அந்த மதிப்பெண்ணோடு எங்கள் ஊர்ப் பக்கக் கல்லூரிகளில் சேர்பவர்கள் உண்டு. விண்ணப்பிக்கச் சொல்ல ஆள் இல்லாமல் அந்தப் பணம் அவர்களுக்கு எட்டாமலே போகிறது. பிரதமர் இன்டர்ன்ஷிப் திட்டம் 2024 அக்டோபரில் தொடங்கியபோது மாதம் 5,000 ரூபாய் கொடுத்தாலும் முழுநேரம் படித்துக்கொண்டிருப்பவர்களை ஏற்கவில்லை.

அடுத்து கடிதம். அந்த மாணவி மறு ஆண்டு அகாதமி உதவித்தொகைக்கு முயன்றாள். அதோடு தனியாகப் பேராசிரியர்களுக்கு எழுதவும் மின்னஞ்சல் ஒன்று தயாரித்துக் காட்டினாள். 'தங்கள் மேலான நிறுவனத்தில் சேர்ந்து என் அறிவை வளர்த்துக்கொள்ள ஆவலாக உள்ளேன்' என்ற ரகம். நாற்பது பேருக்கு ஒரே நேரத்தில் அனுப்புவதாக இருந்தாள். அதை மூடி வைத்துவிட்டு, ஒரே பேராசிரியரின் ஒரே கட்டுரையை எடுத்து இருவரும் படித்தோம். பாதி புரியவில்லை. புரிந்த பாதியிலிருந்து அவளே எழுதினாள்: 'உங்கள் கட்டுரையின் மூன்றாவது படத்தில் வெப்பநிலை ஏற ஏற மின்தடை குறைகிறது. எங்கள் ஆய்வகத்தில் தெர்மிஸ்டர் சோதனையில் நாங்கள் வரைந்த கோடும் இப்படித்தான் இறங்கியது. இரண்டுக்கும் காரணம் ஒன்றுதானா?' ஆறு வரிக் கடிதம். பதில் வந்தது, பதிலில் இன்னொரு கேள்வியும் வந்தது. இடம் கிடைத்தது அகாதமி வழியாகத்தான். ஆனால் கேள்வி கேட்கும் தைரியம் அந்தக் கடிதத்தில் வந்தது.

இப்படி ஒவ்வொரு மாணவரோடும் உட்கார ஆசிரியர் வேண்டும். அரசுக் கலைக் கல்லூரிகள் பலவற்றில் பாதி வகுப்புகளைக் கௌரவ விரிவுரையாளர்கள்தான் சுமக்கிறார்கள். அவர்களில் நெட் தேறியவர்களும் முனைவர் பட்டம் பெற்றவர்களும் நிறைய. அடுத்த ஆண்டு வேலை இருக்குமா என்று தெரியாதவர்களிடம் மாணவரின் அடுத்த ஐந்தாண்டைப் பற்றி யோசிக்கச் சொல்கிறோம். காலிப் பணியிடங்களை நிரப்புவதைத் தவிர இதற்குக் குறுக்கு வழி எதுவும் எனக்குத் தெரியவில்லை.

தங்குமிடத்துக்கு வழி இருக்கிறது. 7.5 விழுக்காடு ஒதுக்கீட்டில் பொறியியல் சேரும் அரசுப் பள்ளி மாணவர்களுக்குப் படிப்புக் கட்டணத்தோடு விடுதிக் கட்டணத்தையும் அரசே கட்டுகிறது. அதே அரசின் கல்லூரி விடுதிகள் சென்னையிலும் கோவையிலும் மே, ஜூன் மாதங்களில் பெரும்பாலும் பூட்டிக் கிடக்கின்றன. அந்த இரு மாதமும் ஆய்வகத்திலோ நிறுவனத்திலோ இடம் கிடைத்த வெளியூர்ப் பிள்ளைகளுக்கு அவற்றைத் திறந்துவிட ஓர் அரசாணையும் மெஸ் செலவும் போதும். கல்லூரி முதல்வரின் கடிதத்தைக் காட்டினால் கட்டில் தர வேண்டும். அகாதமிகளின் விண்ணப்பம் வழக்கமாக நவம்பர் வாக்கில் முடிந்துவிடும். விடுதி உண்டு என்ற அறிவிப்பு அதற்கு முன்பே, அக்டோபரிலேயே, கல்லூரிப் பலகைகளுக்கு வந்துவிட வேண்டும்.