ஓர் ஓடை, மூன்று விஸ்கி ஆலைகள்

அமெரிக்காவில் இருக்கும் பிள்ளைகளைப் பார்க்கப் போகிறவர்கள் நயாகரா, வாஷிங்டன், பிட்ஸ்பர்க் கோயில் என்று சுற்றிவிட்டுத் திரும்புவது வழக்கம். மூடிப்போன விஸ்கி ஆலையையும் பார்த்து வாருங்கள் என்று நான் சொன்னால் நம் வீடுகளில் புருவம் உயரும். அந்தப் பானத்தை நான் நாவில் வைத்ததில்லை. ஆனால் லோகோ ஷெட், பாய்லர், பம்ப் என்றே காலம் கழித்தவனுக்கு, பழைய ஆலை ஒன்றைப் பார்ப்பது திறந்து வைத்த பாடப்புத்தகத்தைப் பார்ப்பது போல. பார்த்ததை நம் சங்கத்து அன்பர்களுடன் பகிர்ந்துகொள்கிறேன்.

கென்டக்கி மாநிலத்தின் தலைநகர் ஃபிராங்க்ஃபர்ட். சின்சினாட்டியிலிருந்து காரில் இரண்டு மணி நேரத்துக்குள் போய்விடலாம். அதன் அருகே கிளென்ஸ் கிரீக் என்ற சிற்றோடை ஓடுகிறது. அதன் கரையோரச் சாலையில் வுட்ஃபோர்டு ரிசர்வ், ஓல்டு டெய்லர், ஓல்டு க்ரோ என்று மூன்று ஆலைகள். மூன்றுமே ஒரு காலத்தில் மூடிக் கிடந்தவை. அதன்பின் மூன்றுக்கும் மூன்று விதி.

முதலில், இந்த ஓடைக்கரைக்கு ஏன் வந்தார்கள்? காரணம் தண்ணீர். இப்பகுதி முழுவதும் சுண்ணாம்புப் பாறை. அதில் ஊறி வரும் நீரில் இரும்புச் சத்து இராது. இரும்பு இருந்தால் விஸ்கியின் நிறமும் சுவையும் கெடும். நீராவி எஞ்சினுக்கோ சுண்ணாம்புத் தண்ணீர் பகை. பாய்லர் குழாய்களில் ஓடு போலப் படிந்து வெப்பத்தைத் தடுக்கும். அதைச் சுரண்டி எடுப்பதே ஷெட்டில் பெரிய வேலை. நமக்குத் தொல்லையாக இருந்த தண்ணீர் அவர்களுக்கு மூலதனம்!

ஓல்டு டெய்லர் ஆலையைக் கட்டியவர் எட்மண்ட் ஹேன்ஸ் டெய்லர். 1887-ல் சுண்ணாம்புக் கல்லால் ஐரோப்பியக் கோட்டை போலவே கட்டினார். ஊற்று நீருக்குத் தூண் மண்டபம், சாவித் துவார வடிவில் ஒரு குளம், தோட்டம், விருந்தினர் வந்திறங்க ரயில் நிலையம் எல்லாம் உண்டு. இத்தனை ஆடம்பரம் வெறும் பகட்டுக்காக அல்ல. அக்காலத்தில் விஸ்கியில் சாயமும் வேறு சரக்குகளும் கலந்து விற்பது சர்வ சாதாரணம். வாங்குகிறவர் நேரில் வந்து பார்த்து நம்பட்டும் என்பது அவர் கணக்கு. கலப்படத்துக்கு எதிரான 1897-ஆம் ஆண்டுச் சட்டம் நிறைவேற அவரும் பாடுபட்டார். அச்சட்டத்தின் முத்திரை வேண்டுமானால், விஸ்கி ஒரே ஆலையில் ஒரே பருவத்தில் வடித்ததாக இருக்க வேண்டும். அரசுக் கண்காணிப்பில் உள்ள கிடங்கில் நான்கு ஆண்டாவது இருந்திருக்க வேண்டும். ஆல்கஹால் ஐம்பது சதவீதம் இருக்க வேண்டும்.

ஆலையைச் சுற்றிப் பார்க்கும்போது சரக்கு போன வழியிலேயே போனால் எல்லாம் விளங்கும். மக்காச்சோளத்தை முக்கியமாகக் கொண்ட தானியக் கலவையை அரைத்து, வேகவைத்து, ஈஸ்ட் சேர்த்துப் புளிக்க வைக்கிறார்கள். புளித்த கூழ் உயரமான வடிகலத்தின் மேலிருந்து இறங்கும். கீழிருந்து நீராவி ஏறும். ஆல்கஹால் 78 டிகிரியில் கொதிக்கும், தண்ணீர் 100 டிகிரியில். இந்த வித்தியாசம்தான் தொழிலின் அடிப்படை. வடிகலம் உயரமாக இருப்பதால்தான் அதை வைத்த கட்டடமும் பல மாடி உயரம். வடிந்து வருவது பச்சைத் தண்ணீர் போலத்தான் இருக்கும். உட்புறம் கருக்கிய புதிய ஓக் மரப் பீப்பாயில் ஆண்டுக்கணக்கில் இருந்தபின்தான் நிறமும் மணமும் வரும்.

ஆகவே ஆலையை விடக் கிடங்கு பெரிது. ஓல்டு டெய்லரில் ஒரு கிடங்கின் நீளம் 534 அடி. ஏழு ரயில் பெட்டிகளை வரிசையாக உள்ளே நிறுத்தலாம். ஒரு பீப்பாயில் சுமார் 200 லிட்டர். நிரம்பினால் எடை கால் டன்னை நெருங்கும். இத்தகைய கிடங்குகளில் பொதுவாகப் பாரத்தைத் தாங்குவது சுவர் அல்ல, உள்ளே நிற்கும் மரச் சட்டம். அது தளர்ந்தால் என்ன ஆகும் என்பதற்கு ஓர் உதாரணம்: இதே மாநிலத்து பார்ட்ஸ்டவுனில் 2018-ல் வேறொரு கம்பெனியின் கிடங்கு இரண்டு தவணையாகச் சரிந்து, ஏறக்குறைய 18,000 பீப்பாய்கள் உருண்டன. கிடங்குச் சுவர்களும் அருகிலுள்ள மரங்களும் கரி பூசியது போல் இருப்பதைக் கண்டு தீ விபத்தோ என்று எண்ண வேண்டாம். பீப்பாயிலிருந்து ஆவியாகும் ஆல்கஹாலை உண்டு வளரும் பூஞ்சை அது. வுட்ஃபோர்டில் பீப்பாய்கள் தாமே உருண்டு போக, சரிவில் தண்டவாளம் போன்ற இரட்டைப் பாதை போட்டிருக்கிறார்கள். எஞ்சின் இல்லாத ரயில்வே!

அமெரிக்கர்கள் வோட்கா போன்ற வேறு பானங்களுக்கு மாறியதும் இந்தத் தொழில் படுத்தது. ஓல்டு டெய்லர் 1972-ல் மூடப்பட்டது; பல ஆண்டுகள் கூரை ஒழுக, கொடி படர்ந்து கிடந்தது. 2014-ல் புதியவர்கள் வாங்கி, நான்கு ஆண்டு உழைத்து, 2018-ல் காஸில் அண்டு கீ என்ற பெயரில் திறந்தார்கள். வுட்ஃபோர்டை அதன் முன்னாள் உரிமையாளரே 1993-ல் திரும்ப வாங்கி 1996-ல் திறந்தார். 2000-ல் அது தேசியச் சின்னமாயிற்று. 1987-ல் மூடிய ஓல்டு க்ரோவுக்கு அந்த அதிர்ஷ்டம் வாய்க்கவில்லை. அதன் பெரும்பகுதி சிதைந்துபோயிற்று. அதைச் சாலையிலிருந்து பார்ப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். பிறர் சொத்து என்பதோடு, உளுத்த தளத்தில் கால் வைப்பது ஆபத்து.

ஒரே ஓடை, ஒரே கல், ஒரே மழை. யாராவது வேளையோடு கூரையைச் சரிசெய்தார்களா என்பதில்தான் வித்தியாசம். கட்டடத்தைக் கொல்வது வயதல்ல, ஒழுகும் தண்ணீர். ஓட்டை ஒன்றை அடைக்கும் செலவு முதல் ஆண்டில் சொற்பம். இருபதாம் ஆண்டில் எட்டாத தொகை.

இதை அமெரிக்காவில்தான் பார்க்க வேண்டுமென்பதில்லை. தில்லிக்கு அருகே ரேவாரியில் 1893-ல் கட்டிய நீராவி லோகோ ஷெட், பயனற்றுப் போன பின் மீட்கப்பட்டு அருங்காட்சியகமாகியிருக்கிறது. ஆனால் சுவரையும் கூரையையும் பணம் கொடுத்துச் சரிசெய்துவிடலாம். எந்த வால்வை எவ்வளவு திறப்பது, எந்தச் சத்தம் கேட்டால் நிறுத்துவது என்பதெல்லாம் வேலை பார்த்தவர்களின் கையிலும் காதிலும்தான் இருக்கிறது. நம் குடும்பங்களில் பெரம்பூரிலும் பொன்மலையிலும், வடக்கே பல ஷெட்களிலும் வேலை பார்த்த பெரியவர்கள் எத்தனையோ பேர். விடுமுறையில் பேரப்பிள்ளைகளோடு அவர்களையும் ரேவாரிக்கு அழைத்துப் போங்கள். அவர்கள் சொல்லச் சொல்லப் பிள்ளைகள் ஒரு நோட்டில் எழுதிக்கொள்ளட்டும்.