உப்பு குறைந்த சமையலுக்கு ஒரு மிளகாய் நாற்று

‘உப்பில்லாப் பண்டம் குப்பையிலே’ என்னும் பழமொழியைச் சிறுநீரக நோயாளிகள் எங்களுக்கு அடிக்கடி நினைவூட்டுவதுண்டு. அவர்கள் கூறுவது நியாயமே. நாளொன்றுக்கு 5 கிராம் உப்பு என்னும் வரம்புக்குள் சமைத்த குழம்பு முதல் சில வாரங்களுக்கு நாவுக்கு ஒவ்வாது. அப்போது ஊறுகாயையும் மோர் மிளகாயையும் நாடுகின்றனர். அவ்விரண்டுமோ உப்பில் ஊறியவை. பச்சை மிளகாயில் உப்பு இல்லை என்றே கூறலாம். ஓரிரு மிளகாயிலிருந்து சேரும் பொட்டாசியமும் மிகச் சிறிதளவே. இரைப்பைப் புண் உள்ளவர்கள் நீங்கலாக, மற்றவர்களுக்கு அளவான காரம் நல்ல துணையாகும். அம்மிளகாயை வீட்டிலேயே விதைக்க விரும்புவோர் கவனிக்க வேண்டியவை சில உண்டு.

மளிகைக் கடை வற்றலின் விதையைத் தூவிவிட்டு, முளைக்கவில்லையே என்று வருந்துவோர் பலர். அவ்வற்றல் எத்தனை காலம் கிடங்கில் இருந்தது என்பதை நாம் அறியோம். பச்சைக் காயின் விதையோ முதிராதது. செடியிலேயே நன்கு சிவந்த பழத்தின் விதையை எடுத்து, ஒரு வாரம் நிழலில் உலர்த்திப் பயன்படுத்துவதே சிறந்தது. வீரிய ஒட்டு இரகத்தின் விதையும் முளைக்கும்; ஆனால் தாய்ச்செடியைப் போலவே காய்க்கும் என எதிர்பார்க்க இயலாது. விதை எடுக்கும்போது கையுறை அணியுங்கள். காரம் விதையில் அன்று, விதைகள் ஒட்டியுள்ள வெண்ணிறச் சதையிலேயே மிகுந்துள்ளது. அது நீரில் எளிதில் கரையாது. எண்ணெய் தடவித் துடைத்தபின் சோப்பினால் கழுவ வேண்டும்.

இனி மண்ணைப் பற்றி. மண்ணிலும் மக்கிய உரத்திலும் ஆஸ்பெர்ஜில்லஸ் என்னும் பூஞ்சையின் நுண்வித்துகள் உண்டு. உலர்ந்த உரப்பையைக் கொட்டும்போது எழும் தூசியுடன் அவை நுரையீரலை அடைகின்றன. உடல்நலம் உள்ளவருக்குப் பெரும்பாலும் தீங்கில்லை. நோய் எதிர்ப்பாற்றலைக் குறைக்கும் மருந்துகளை உட்கொள்வோர்க்கு உயிருக்கே ஆபத்தான நுரையீரல் தொற்று ஏற்படலாம். ஆகவே, மாற்றுச் சிறுநீரகம் பெற்றுச் சில மாதங்களே ஆனவர்கள், புற்றுநோய்க்கு மருந்தேற்றிக் கொள்வோர், டயாலிசிஸ் குழாய் பொருத்தப்பட்டோர் ஆகியோர் மண்கலவையைத் தொட வேண்டா. வீட்டார் முகக்கவசம் அணிந்து, நீர் தெளித்தபின் அதனைக் கலக்கட்டும். நோயாளி விதைகளை எண்ணித் தரலாம். முளைத்த நாளைக் குறித்து வைக்கலாம்.

நீரிழிவு நோயாளிகளுக்கு ஓர் எச்சரிக்கை. மழைக்கால ஈரமண்ணிலுள்ள ஒருவகைப் பாக்டீரியா, சிறு கீறல் வழியாகப் புகுந்து மெலியாய்டோசிஸ் என்னும் கடும் நோயை உண்டாக்கக்கூடும். கையுறையும் செருப்பும் இன்றி மண்வேலை செய்ய வேண்டா. அதன்பின் காய்ச்சல் நீடித்தால், மண்ணைக் கையாண்டதையும் மருத்துவரிடம் கூறுங்கள். அச்செய்தி கிடைக்காவிடில் இந்நோயைச் சந்தேகிப்பது எங்களுக்கும் கடினம்.

விதைப்பு எளிது. தென்னை நார்க்கழிவையும் மண்புழு உரத்தையும் சம அளவில் கலந்து, அடியில் துளையிட்ட தயிர்க் கோப்பைகளில் நிரப்பி, அரை சென்டிமீட்டர் ஆழத்தில் இரண்டு விதைகள் இட வேண்டும். 25 முதல் 30 டிகிரி வெப்பத்தில் ஏழு முதல் பதினான்கு நாள்களுக்குள் முளை தோன்றும். மார்கழிக் குளிரில் தாமதமாகும். தை, மாசி மாதங்களும் ஆனி, ஆடி மாதங்களும் ஏற்றவை. முளைத்தவுடன் வெயிலுக்கு மாற்றுங்கள். நிழலில் நாற்று நெடிதாக வளர்ந்து சாயும்.

டயாலிசிஸ் நோயாளிகளுக்கு நாங்கள் விதிக்கும் நீர்க்கட்டுப்பாடு நாற்றுக்கும் பொருந்தும்! நீர் மிகுந்தால் தண்டின் அடி அழுகி ஒரே இரவில் சாய்ந்துவிடும். மேற்பரப்பு உலரத் தொடங்கியபின் தெளித்தால் போதும். தட்டில் தேங்கும் நீரை அன்றே கொட்டிவிடுங்கள். டெங்குவைப் பரப்பும் கொசு அங்கேதான் முட்டையிடும்.

நாற்பது, நாற்பத்தைந்து நாள்களில் நாற்றைப் பெரிய தொட்டிக்கு மாற்றலாம். டயாலிசிஸுக்காக இரத்தநாள இணைப்பு செய்யப்பட்ட கையால் தொட்டியைத் தூக்க வேண்டா. நட்ட இரண்டரை மாதங்களில் காய் பறிக்கலாம். மாற்றுச் சிறுநீரகம் பெற்றவர்கள் அதனைப் பச்சையாகக் கடிக்காமல், நன்கு கழுவிச் சமைத்தே உண்ண வேண்டும்.