சுமை ஏற்றும் நேரமும் லாரி டிரைவரின் உறக்கமும்

ராஜபாளையத்துச் சப்பட்டை மாங்காயோ வத்திராயிருப்புத் தேங்காயோ சென்னை கோயம்பேடு போய்ச் சேர லாரி 500 கிலோமீட்டருக்கு மேல் ஓடவேண்டும். விடியுமுன் இறக்கினால்தான் விலை என்பது உழவர் கணக்கு. டிரைவரின் உறக்கம் அந்தக் கணக்கில் சேருவதில்லை. சுமையோடு கேபினில் ஏறிச் செல்பவர் பெரும்பாலும் உழவரோ அவர் மகனோதான்.

மாலை 6 மணிக்கு விருதுநகரில் நால்வழிச் சாலையைப் பிடிக்கும் லாரி, மணிக்கு 45 கிலோமீட்டர் வீதம் போனால், விழுப்புரத்தை நெருங்கும்போது இரவு 2 மணி. 2 முதல் 5 மணி வரை உடல் உறக்கத்தை மிகவும் நாடும். பழுத்த அனுபவசாலிக்கும் இதில் விலக்கில்லை. காலை 6 மணிக்கு எழுந்தவர் அப்போது 20 மணி நேரம் விழித்திருப்பார். 17 மணி நேர விழிப்பே, சிறிது மது அருந்தியவரைப் போல் ஆளை மந்தமாக்கும் என ஆய்வுகள் காட்டியுள்ளன. 60 கிலோமீட்டர் வேகத்தில் 4 விநாடி கண் அயர்ந்தால் லாரி 65 மீட்டருக்கு மேல் தானாக ஓடிவிடும்.

இதைத் தவிர்ப்பதில் பாதி, தோப்பிலேயே உழவர் கையில் இருக்கிறது. காய்களைக் காலையிலேயே பறித்து, நிழலில் தரம் பிரித்து, பெட்டிகளில் அடுக்கி வைத்துவிட வேண்டும். லாரி வந்ததும் டிரைவரை மூட்டை தூக்கவோ எண்ணிக்கை பார்க்கவோ அழைக்காமல், மரத்தடியில் ஒரு கயிற்றுக் கட்டிலைக் காட்டிவிடுவது நலம். பகல் 2 மணியிலிருந்து 4 மணி வரை உறக்கம் இயல்பாகவே வரும். சுமை ஏறும் அந்த நேரத்தில் அவர் உறங்கி எழலாம்.

வழியில் முகம் கழுவுவதும் பாட்டுப் போடுவதும் சில நிமிடங்களுக்கே உதவும். காபியோ டீயோ குடித்த கையோடு 20 நிமிடம் கண்ணயர்வது மேல். விழிக்கும் நேரத்தில்தான் அதன் வேகம் பிடிக்கும். எழுந்தபின் சிறிது நடந்துவிட்டு வண்டியை எடுக்கலாம். இரவுச் சாப்பாடு அரை வயிற்றுக்குப் போதும். சளி மாத்திரை பலவும் தூக்கம் வருவிப்பவை.

தீபாவளிக்கு முந்தைய வாரங்களில் சிவகாசிப் பட்டாசுச் சுமைக்காக லாரிகளுக்குக் கிராக்கி கூடும். வடக்கே போய்த் திரும்பிய டிரைவரே மறுநாள் தோப்புக்கு வரக்கூடும். கடைசியாக எப்போது படுத்தார் என்று வாடகை பேசும்போதே கேட்டுவிட வேண்டும். நாளைக்கு 8 மணி நேர வேலை என 1961-ஆம் ஆண்டு மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டமே வகுத்தது. சென்னைப் பயணம் அதற்குள் அடங்காது. எனவே மாற்று டிரைவரின் பேட்டாவையும் வாடகையில் சேர்த்தே பேசவேண்டும்.

கேபினில் போகும் உழவரும் தூங்கலாகாது. டிரைவர் அடிக்கடி கொட்டாவி விட்டாலோ வண்டி கோடு தாண்டினாலோ உடனே நிறுத்தச் சொல்லலாம். சாலையோரத்தில் அல்ல, பெட்ரோல் பங்க்கிலோ லாரிகள் நிற்கும் இடத்திலோ உள்ளே தள்ளி நிறுத்த வேண்டும்.