வர்ணப் பூச்சும் ஈரமும்

நிலச்சுவான்தார்கள் தங்கள் வீட்டுக் கதவுகளுக்கும், இரும்புத் தகட்டாலான தானியக் குதிர்களின் வெளிப்புறத்திற்கும், பம்பு செட்டுகளுக்கும் வர்ணம் பூசுவது அழகுக்காக மட்டுமன்று. மரம் உளுத்துப் போகாமலும் இரும்பு துருவேறாமலும் காக்கும் பொருட்டேயாம். அவ்வாறு பூசிய வர்ணம் ஓரிரு மழைக்காலங்களிலேயே கொப்புளித்து உரிந்துவிடுமாயின், சரக்கு மட்டமானதென்று குறைகூறுவது வழக்கம். ஆனால் பல சமயங்களில் குற்றம் வர்ணத்தினுடையதன்று. பூசுமுன் பரப்பில் தங்கியிருந்த ஈரமோ, பூசியபின் உட்புகுந்த ஈரமோதான் அதற்குக் காரணமாகும்.

வர்ணம் ஒட்டும் விதம்

ஆளிவிதை எண்ணெய் வர்ணமாயினும், இக்காலத்து ஆல்கைடு, அக்ரிலிக், எபாக்ஸி வர்ணங்களாயினும், காய்ந்தபின் அவை யாவும் பாலிமர் என்னும் பொருளின் மெல்லிய தோலாகவே நிற்கும். மூலக்கூறுகள் சங்கிலிபோலவும் வலைபோலவும் பின்னிக்கொண்ட பொருளே பாலிமர் எனப்படுவது. இத்தோல் பரப்பின் சிறு துவாரங்களில் இறங்கி உறைவதாலும், மூலக்கூறுகள் மிக நெருங்கி ஒன்றையொன்று ஈர்ப்பதாலும் ஒட்டி நிற்கிறது. இவ்வீர்ப்பு மிகக் குறுகிய தூரத்திலேயே வேலை செய்யும். ஆகையால் கண்ணுக்குப் புலப்படாத நீர்ப்படலம் இடையில் இருப்பினும், எண்ணெய் வர்ணம் பரப்பை நேரே தொடாமல் உறைந்துவிடும்.

பூசியபின்னும் ஆபத்து நீங்குவதில்லை. எந்த வர்ணமும் நீராவியை முற்றிலும் தடுப்பதன்று. இரும்பின் மேலுள்ள ஆக்ஸைடு, வர்ணத்தைவிட நீருடனேயே அதிகமாகச் சேரும் இயல்புடையது. நெடுநாள் நனையும்போது உட்புகுந்த நீர் வர்ணத்தை விலக்கி அவ்விடத்தைத் தான் பற்றிக்கொள்ளும். வர்ணத்தின் அடியில் உரத்தூளோ வியர்வை உப்போ தங்கியிருந்தால் கேடு மிகும். அவ்வுப்பு கரைந்து வெளிநீரை உள்ளே இழுக்க, கொப்புளம் எழும். அதன் கீழே துரு பரவும்.

இரும்பு

உரமும் உப்பும் போக நல்ல நீரால் கழுவி, நன்றாய் உலர்த்தி, துருவைக் கம்பி பிரஷாலும் உப்புத்தாளாலும் நீக்கி, அன்றே முதற்பூச்சு இடவேண்டும். இரவில் குளிர்ந்த இரும்பின்மேல் பனி படியுமாதலால் அதிகாலையில் பூசலாகாது. காற்றின் ஒப்பு ஈரப்பதம் 85 சதவீதத்திற்கு மேற்படாமலும், பரப்பின் வெப்பம் பனி படியும் நிலையைவிட 3 டிகிரி சென்டிகிரேடேனும் அதிகமாகவும் இருத்தல் வேண்டுமென்பது தொழிலாளர் கையாளும் விதி. துத்தநாகம் பூசிய தகட்டின்மேல் ஆல்கைடு வர்ணத்தை நேரே பூசினால், ஈரத்தின் துணையால் இடையில் சோப்புப் போன்ற பொருள் உண்டாகி வர்ணம் கழன்றுவிடும். அதற்கென்றுள்ள முதற்பூச்சை முன்னர் இடுதல் அவசியம்.

மரம்

மரம் ஈரத்தால் குறுக்குவாட்டில் பெருக்கும், உலர்ந்தால் சுருங்கும். நீளவாட்டில் இம்மாறுதல் மிகக் குறைவு. 15 சதவீதத்திற்கு மேல் ஈரமுள்ள மரத்திற்குப் பூசுதல் உசிதமன்று. கதவின் முகப்பைப் பூசி அடிவிளிம்பைப் பூசாமல் விடுவது பெருந்தவறு. வெட்டுமுனை வழியாக ஏறும் நீர், வெயில் பட்டவுடன் வெளியேற முயன்று முகப்பின் வர்ணத்தைப் பின்னிருந்து தள்ளும்.

சிமெண்டுப் பூச்சுச் சுவர்

புதுச்சுவரை 28 நாட்களேனும் விட்டுப் பின்னரே வர்ணம் பூசவேண்டும். ஈரத்துடன் கூடிய சிமெண்டின் காரம் எண்ணெய் வர்ணத்தைச் சோப்பாக்கிவிடும். சுமார் 45 சென்டிமீட்டர் சதுரமுள்ள பிளாஸ்டிக் தாளைச் சுவரில் நான்கு புறமும் ஒட்டி, 16 மணி நேரம் கழித்து எடுத்துப் பார்க்கலாம். தாளின் உட்புறம் நீர் துளித்திருந்தாலும், சுவர் கறுத்திருந்தாலும் இன்னும் ஈரம் உண்டென்று அறியலாம்.

பழைய பூச்சைச் சோதித்தல்

மெல்லிய பழைய பூச்சின்மேல் கூரிய கத்தியால் நெடுக்கே 6 கோடும் குறுக்கே 6 கோடும் 2 மில்லிமீட்டர் இடைவெளியில் கீறினால் 25 கட்டங்கள் உண்டாகும். அவற்றின்மீது ஒட்டு நாடாவை அழுத்தி, பின் இழுக்க வேண்டும். கட்டங்கள் பெயர்ந்து வந்தால் பழைய பூச்சைச் சுரண்டி நீக்கியே புதிதாகப் பூசவேண்டும். பிடிப்பற்ற பூச்சின்மேல் எவ்வளவு உயர்ந்த வர்ணம் பூசினும் செலவு வீணே.

கவனிக்க வேண்டுவன

வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து சுவரும் மரமும் உலர்ந்த மாசி, பங்குனி மாதங்களே இவ்வேலைக்கு ஏற்றவை. பனி காய்ந்த பின், தகடு கைசுடும் முன் பூசுதல் நலம். கிராம அதிகாரிகள் தங்கள் பொறுப்பிலுள்ள கிடங்குகளில் கூரை ஒழுக்கையும் சுவரில் ஏறும் ஈரத்தையும் நிறுத்திய பின்னரே வர்ணச் செலவுக்கு ஏற்பாடு செய்தல் வேண்டும். குதிரின் தகட்டில் துருவால் விழும் சிறு ஓட்டை வழியே மழைநீர் புகுந்தால் நெல் பூஞ்சணம் பிடித்துக் கெடும். இரண்டு நாள் காத்திருந்து உலர்ந்த பரப்பில் பூசுவதற்கு ஆகும் சிரமம் அந்நஷ்டத்தின் முன் மிக அற்பமே.